போர்ச்சுகலில் நிலம், தாண்டிக்குடிக்கு மானியமா?

வாசகர் கேள்வி:

ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் எட்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். வயது 61. மலை வாழை முடிக்கொத்து நோயில் போன பிறகு காப்பிதான் சோறு போடுகிறது. இரண்டு மூன்று வருடமாக விலை கைகொடுத்ததில் நாற்பது லட்சம் வரை சேர்ந்திருக்கிறது. மகன் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படித்தவன், வயது 29. போர்ச்சுகலில் ஒடெமிரா என்ற ஊரில் ராஸ்பெர்ரி பசுமைக்குடில்களில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறான். கோவையில் ஒரு ஏஜென்ட், நடுப் போர்ச்சுகலில் ஐந்து ஹெக்டேர் ஆலிவ் தோட்டம் 60,000 யூரோவுக்கு இருக்கிறது, நில உரிமையாளருக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் மானியம் வருடம் 4,000 யூரோ உங்கள் கணக்குக்கே வரும், நீங்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்கிறார். ஜார்ஜியாவிலும் நிலம் இருக்கிறதாம். குறைகிற பணத்துக்கு இரண்டு ஏக்கரை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். இங்கிருந்தே வாங்க முடியுமா? மானியம் எனக்கு வருமா? இங்கே வரி உண்டா? ஏஜென்ட் தந்த ஒப்பந்தத்தையும் நிலத்தாள் ஒன்றையும் நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் 5,000 யூரோ முன்பணம் கேட்கிறார்.

பதில்:

ஐயா, வணக்கம். முன்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். மாதக் கடைசி என்பது ஏஜென்ட் வைத்த கெடு. நிலத்துக்கு அப்படி ஒரு கெடுவும் இல்லை. கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, வீட்டில் அம்மாவோடும் மகனோடும் உட்கார்ந்து பேசிய பிறகு முடிவெடுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றில் மானியக் கேள்விதான் ஆணிவேர். வருடம் 4,000 யூரோ என்ற பேச்சு இல்லாவிட்டால் இந்த நிலத்தை நீங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் மானியம் பட்டாவைப் பார்த்து வருகிறது. பி.எம். கிசான் தரும் 6,000 ரூபாய், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்; குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறவருக்குக் கிடையாது. சொட்டுநீருக்குப் போனாலும், காப்பி வாரியத்தின் மறுநடவு உதவிக்குப் போனாலும் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல். இதிலேயே பழகிவிட்டதால், "நில உரிமையாளருக்கு மானியம்" என்று ஒருவர் சொன்னால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

ஐரோப்பாவில் மானியம் பயிர் செய்கிறவரைப் பார்த்துப் போகிறது. 1962-இல் தொடங்கிய பொது வேளாண் கொள்கை பல முறை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எவ்வளவு விளைந்தது, எத்தனை மாடு என்று பார்த்துக் கொடுத்தார்கள். 2003 சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரும்பகுதி பரப்பளவைப் பார்த்து, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஆனது. இந்த 'ஹெக்டேருக்கு இவ்வளவு' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஏஜென்ட்கள் 'நிலம் வைத்திருந்தால் பணம்' என்று பேசுகிறார்கள். விதியில் இருப்பது வேறு. 2023 முதல் 2027 வரையிலான இப்போதைய காலகட்டத்தில் பணம் பெற வேண்டுமானால் 'செயல்படும் விவசாயி' என்ற வரையறைக்குள் வர வேண்டும். நிலம் அவர் கைவசம் இருக்க வேண்டும். சொந்தமாகவும் இருக்கலாம், குத்தகையாகவும் இருக்கலாம். உரிமையாளர் குத்தகைக்கு விட்டுவிட்டால் விண்ணப்பிக்கிறவர் குத்தகைதாரர். உரிமையாளருக்குக் குத்தகைப் பணம் மட்டும்தான்.

குடியுரிமை இதில் தடையில்லை. இந்தியராக இருந்தாலும் ஒன்றியத்துக்குள் பண்ணை வைத்து, பயிர்ச் செலவையும் நட்டத்தையும் முடிவுகளையும் தன் தலையில் சுமந்து நடத்தினால் விண்ணப்பிக்கலாம். கூலிக்கு ஆள் வைத்துச் செய்வதும் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வசந்த காலத்தில் போர்ச்சுகலின் பட்டுவாடா நிறுவனமான இஃபாப்பில் விண்ணப்பம் போட வேண்டும். நிலத்தின் ஒவ்வொரு துண்டும் அவர்களுடைய வரைபடத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மண் அரிப்பு, நீர்நிலை ஓரம், களைக்கொல்லிப் பயன்பாடு என்று கட்டுப்பாடுகள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தை வைத்து உழவு நடந்திருக்கிறதா, புதர் மண்டிக் கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே துண்டுக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தால் வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது உங்கள் ஒப்பந்தத்தின் பதினொன்றாவது பத்தியைப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் நானும் படித்தேன். கிரயம் முடிந்த அன்றே நிலத்தை 'இயக்கும் நிறுவனம்' ஒன்றுக்குப் பதினைந்து ஆண்டுக் குத்தகைக்கு விட நீங்கள் சம்மதிப்பதாக எழுதியிருக்கிறது. அந்த நிறுவனமே பயிர் செய்யும், அதுவே எல்லா அரசு உதவிகளுக்கும் விண்ணப்பிக்கும், அதிலிருந்து உங்களுக்கு 'மதிப்பிடப்பட்ட' தொகையைத் தரும். ஆக, மானியத்துக்கு உரியவர் அந்த நிறுவனம். உங்களுக்கு வருவது குத்தகை. அதுவும் 4,000 யூரோ என்று வாயால் சொன்னதுதான். தாளில் 'மதிப்பிடப்பட்ட' என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கிறது. தரவில்லை என்றால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்: லிஸ்பன். தாண்டிக்குடியிலிருந்து திண்டுக்கல் கோர்ட்டுக்கு அலைவதே எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

இதே அமைப்பைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருக்கிறது. நிலத்தையோ மரத்தையோ கோழியையோ உங்கள் பெயரில் காட்டி, பராமரிப்பை அவர்கள் பார்ப்பதாகச் சொல்லி, மாதாமாதம் பணம் என்று வாக்குக் கொடுப்பது. தொண்ணூறுகளில் தேக்கு மரத் திட்டங்களில் போன பணத்தைப் பார்த்துத்தான் 1999-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென விதிமுறைகளே கொண்டுவந்தது. பிறகு 2012-இல் ஈமு கோழி. உங்கள் ஏஜென்ட் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. அவர் விற்பது எந்த வகைப் பொருள் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

தொகையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்ச்சுகலில் பரப்புக்குத் தரும் நேரடித் தொகை ஐரோப்பியச் சராசரியைவிடக் குறைவு. கொஞ்சம் தாராளமாகவே ஹெக்டேருக்கு 250 யூரோ என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து ஹெக்டேருக்கு 1,250 யூரோ. இயற்கை வேளாண்மை, மேய்ச்சல் நிலப் பாதுகாப்பு போன்றவற்றுக்குத் தனித் தொகைகள் உண்டு. ஆனால் அவை பல ஆண்டு உறுதிமொழிகள். நடுவில் விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். புதுக்கன்று நடுவது, பாசனக் குழாய் போடுவது போன்றவற்றுக்கான உதவி பெரும்பாலும் நம் தோட்டக்கலைத் துறை சொல்லும் பின்னேற்பு மானியம் போலத்தான்: முதலில் கைக்காசைப் போட்டு வேலையை முடித்து, பில்லைக் காட்டிய பிறகே பணம். இவற்றையெல்லாம் கூட்டினாலும் உட்கார்ந்த இடத்தில் வருடம் 4,000 யூரோ எப்படி வரும் என்பதை ஏஜென்ட் உங்களுக்கு வரி வரியாக எழுதிக் காட்டட்டும்.

இன்னொன்று. இந்தக் காலகட்டம் 2027-உடன் முடிகிறது. 2028 முதல் விவசாய நிதியை மற்ற நிதிகளோடு சேர்த்து நாட்டுவாரித் திட்டமாக்கும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் வைத்தது. பெரிய பண்ணைகளுக்குத் தொகையைப் படிப்படியாகக் குறைப்பதும் அதில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுக் குத்தகைக்குள் இப்படிப்பட்ட மாற்றம் இரண்டு மூன்று வரும். இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு பரப்புக்குத் தரும் பழைய தொகையை 2023-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் நிலம் வாங்கியவருக்கு அந்த வாசல் இல்லை. நியூசிலாந்து 1984-லேயே விவசாய மானியங்களைக் கைவிட ஆரம்பித்துவிட்டது. ஒரு நாட்டு அரசின் பட்ஜெட்டை நம்பி நிலத்தின் விலையைக் கணக்கிடக் கூடாது. நிலம் என்ன விளைவிக்கும், தண்ணீர் உண்டா, ஆள் உண்டா என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். மலைக்காட்டில் நாற்பது வருடம் இருந்த உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, நிலத்தாள். நீங்கள் அனுப்பிய ஒற்றைத் தாள் 'கடெர்னேட்டா ப்ரெடியால்'. அது வரித்துறைத் தாள். நம் தீர்வை ரசீதைப் போல யார் பெயரில் வரி போடப்படுகிறது என்று சொல்லும்; கிரயம் செய்ய உரிமை யாருக்கு என்று சொல்லாது. அதில் பரப்பு என்ற இடத்தில் 3.2 ஹெக்டேர் என்று இருக்கிறது. ஏஜென்ட்டின் வண்ணத்தாளில் ஐந்து. நம் கணக்கில் சுமார் நாலரை ஏக்கர் காணோம். போர்ச்சுகீசியம் தெரியாமலே நீங்கள் கண்டுபிடித்திருக்கக்கூடிய வித்தியாசம் இது. எண்ணை மட்டும் பார்த்தால் போதும். நடுப் போர்ச்சுகலிலும் வடக்கிலும் நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது உண்மைதான். பழைய பதிவுகளில் பரப்பும் எல்லையும் பொருந்தாமல் இருப்பதும் சகஜம். அதனால்தான் எல்லைகளை வரைபடத்தில் ஏற்றும் வேலையை அந்நாட்டு அரசே நடத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது விற்பவர் வேலை, வாங்குவதற்கு முன்பே.

நிலப்பதிவு அலுவலகத்தை அங்கே 'கன்செர்வடோரியா' என்கிறார்கள். அங்கிருந்து 'செர்ட்டிடாவ் பெர்மனென்ட்' என்ற சான்று வாங்க வேண்டும். உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழக்கு உண்டா என்பதெல்லாம் அதில்தான் வரும். நம் ஊரில் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் ஒரு சென்ட் வாங்குவீர்களா? அதே கண்டிப்பு அங்கேயும் வேண்டும். கூடவே, பக்கத்து நிலக்காரர்களுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சப் பரப்புக்குக் கீழான துண்டை விற்றால், ஒட்டிய நிலத்துக்காரருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் உங்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டால், அவர் பின்னால் வழக்குப் போட்டு அதே விலைக்கு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏஜென்ட் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா?

வேளாண் ஒதுக்கீட்டு நிலம், சூழலியல் ஒதுக்கீட்டு நிலம் என்று இரண்டு வகைப்பாடுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் விழும் நிலத்தில் வீடு கட்டுவது மிகக் கடினம். 'பின்னால் ஒரு வீடு போட்டுக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். நிலத்தில் கார்க் மரம் நின்றால் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. நம் மலையில் 1955 மரப் பாதுகாப்புச் சட்டத்தோடு வாழ்கிறவர் நீங்கள், அந்தச் சிரமம் தெரியும். தீயும் இருக்கிறது. 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராந்தே பகுதியில் பற்றிய காட்டுத்தீயில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது நடுப் போர்ச்சுகல்தான். அதற்குப் பிறகு வீடுகளைச் சுற்றிப் புதர் அகற்றும் கடமையைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள். செய்யாத உரிமையாளருக்கு அபராதம். அந்த ஓலை குத்தகைதாரருக்கு வருமா, உங்களுக்கு வருமா என்பதும் உங்கள் ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை.

செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்ப்புற நிலத்துக்கு மாற்று வரி 5 சதவீதம், முத்திரை வரி 0.8 சதவீதம், 60,000 யூரோவுக்கு இதுவே 3,480 யூரோ. நோட்டரி, வக்கீல் கட்டணம் தனி. நிலம் வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதுவும் பழங்கதை. சொத்து வாங்கி விசா பெறும் வழியை போர்ச்சுகல் 2023 அக்டோபரில் மூடிவிட்டது.

ஜார்ஜியாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பஞ்சாப் விவசாயிகள் பலர் அங்கே போய் நிலம் வாங்கினார்கள். உள்ளூரில் எதிர்ப்பு வந்தது. 2013-இல் வெளிநாட்டவருக்கு விற்பதை நிறுத்திவைத்தார்கள். பிறகு அரசியல் சட்டத்தையே திருத்தி, விவசாய நிலம் அரசுக்கும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் மட்டுமே என்று ஆக்கிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே உங்கள் பெயரில் விவசாய நிலம் என்று ஒருவர் விற்றால், வேறொருவர் பெயரில் பினாமியாக வாங்கச் சொல்கிறார் என்று அர்த்தம். ஹங்கேரியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு விவசாய நிலத்தை மூடிவைத்திருக்கிறது. பக்கத்து இலங்கையில்கூட 2014 சட்டப்படி வெளிநாட்டவருக்குக் குத்தகைதான். போர்ச்சுகலில் அப்படிப்பட்ட தடை இல்லை. அந்த மட்டில் ஏஜென்ட் சொன்னது சரி.

இங்கிருந்து வாங்க முடியுமா என்றால், முடியும். இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் இடம் தருகிறது. 2022 வெளிநாட்டு முதலீட்டு விதிகள் அந்தப் பணத்தில் சொத்து வாங்கவும், வெளிநாட்டில் இருக்கும் உறவினரோடு சேர்ந்து வாங்கவும் அனுமதிக்கின்றன. ஆனால் மூன்று இடங்களில் ஜனங்கள் வழுக்கி விழுகிறார்கள்.

வங்கிப் படிவத்தில் 'குடும்பப் பராமரிப்பு' என்று எழுதி அனுப்பினால் சுலபம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நிலத்துக்கு அனுப்புகிற பணத்தை நிலத்துக்கு என்றுதான் எழுத வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். அடுத்தது, கடன். இப்படி அனுப்ப வங்கி கடன் தரக் கூடாது என்பது விதி. பயிர்க்கடனை எடுத்து இதில் போடுவது அதைவிட ஆபத்து. கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தவறினால் வட்டிச் சலுகை போய்விடும். மூன்றாவது, அனுப்பிய பணம் பயன்படாமல் கிடந்தால் 180 நாளுக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஏஜென்ட் கையில் ஒரு வருடம் தூங்கும் முன்பணம் உங்களுக்குத்தான் சிக்கல்.

அனுப்பும்போதே வங்கி ஒரு பிடித்தம் செய்யும். ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம். அறுபது லட்சம் அனுப்பினால் ஐம்பது லட்சத்துக்குப் பத்து லட்ச ரூபாய் கூடுதலாக உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். இது முன்கூட்டிப் பிடிக்கும் வரிதான். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை. உங்களிடம் இருப்பது நாற்பது லட்சம் என்கிறீர்கள். நிலம், வரி, பிடித்தம் எல்லாம் சேர்த்தால் முப்பது லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது.

இங்கே ஒரு சொந்த அனுபவம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி. பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கணக்கோடு வரும்போது பலர் கொண்டுவருவது கசங்கிய துண்டுச் சீட்டுகள்தான். மூட்டை எண்ணிக்கை இருக்கும், தேதி இருக்காது. தேதி இருந்தால் விற்றவர் பெயர் இருக்காது. காப்பியைப் பழமாகவோ, பழத்தோல் நீக்கிக் காயவைத்த பார்ச்மென்ட்டாகவோ விற்றால் அது முழுக்க விவசாய வருமானம், வரி இல்லை என்பதால் யாரும் சீட்டைப் பத்திரப்படுத்துவதில்லை. வரி இல்லை என்பது சரி. ஆனால் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத ஒருவர் ஒரே வருடத்தில் அறுபது லட்சம் வெளிநாட்டுக்கு அனுப்பினால், பணம் எங்கிருந்து வந்தது என்ற நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் அந்தச் சீட்டுகள்தான். நிலம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த அறுவடையிலிருந்து வியாபாரியிடம் பெயர், தேதி, எடை, விலை போட்ட பில் வாங்கி, பணத்தை வங்கி வழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வரிக் கேள்விக்கு வருகிறேன். பலருக்குத் தெரியாத இடம் இதுதான். நம் சட்டத்தில் விவசாய வருமானம் என்றால் இந்தியாவில் உள்ள நிலத்திலிருந்து வருவது மட்டுமே. 1961 சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக இயற்றிய 2025 சட்டத்திலும் சரி. தாண்டிக்குடிக் காப்பிக்கு உள்ள விலக்கு போர்ச்சுகல் ஆலிவுக்கு இல்லை. அங்கே வரும் விளைச்சல் பணம், குத்தகை, மானியம் எல்லாம் இங்கே முழு வரிக்கு உட்பட்ட வருமானம். போர்ச்சுகலுடன் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். அதற்கும் தனிப் படிவம், அத்தாட்சி. வருமானமே வராவிட்டாலும், வெளிநாட்டுச் சொத்து உங்கள் பெயரில் இருக்கும் வரை ஒவ்வொரு வருடமும் கணக்குத் தாக்கல் செய்து வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம். நிலம் சின்னது, வருமானம் இல்லை என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

இதையும் அந்த இரண்டு ஏக்கரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். உங்கள் தோட்டம் நகராட்சி எல்லைகளுக்கு வெகு தொலைவில் உள்ள கிராம விவசாய நிலம். அதை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நாளைக்கு போர்ச்சுகல் நிலத்தை விற்றால் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் லாபத்துக்கு 12.5 சதவீதம், அங்கே உள்ள வரி தனிக் கதை. விளைச்சலுக்கும் வரி இல்லாத, விற்பனைக்கும் வரி இல்லாத, கூப்பிடு தூரத்தில் இருக்கிற, நிழல் மரமும் மிளகுக் கொடியும் வளர்ந்து நிற்கிற இரண்டு ஏக்கரைக் கொடுத்து, நீங்கள் ஒருமுறைகூட மிதிக்காத மண்ணை வாங்கப் போகிறீர்கள். ஐயா, அதை விற்க வேண்டாம். சட்ட ஆலோசனையாக இல்லாமல், இந்த மலைக்காரர்களின் கணக்கைப் பார்த்துப் பார்த்து வந்த அக்கறையில் சொல்கிறேன். காப்பி விலை ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்யும். அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியது தோட்டமும் கொஞ்சம் ரொக்கமும்.

இவ்வளவு சொன்னதால் போர்ச்சுகலே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஏஜென்ட் உங்களைப் பார்த்தாரே தவிர, உங்கள் வீட்டில் அந்தத் திட்டத்துக்குப் பொருத்தமான ஆளைப் பார்க்கவில்லை. உங்கள் மகனைத்தான் சொல்கிறேன்.

அவருக்கு வயது 29. தோட்டக்கலை படித்தவர். அந்த மண்ணில் வேலை செய்கிறார், அந்த மொழி காதில் விழுந்துகொண்டிருக்கிறது. ஒன்றியத்தின் இளம் விவசாயி உதவிகளுக்கு உச்ச வயது நாற்பது. பயிற்சியும், தானே பண்ணையை நடத்துவதும் நிபந்தனை. இந்த நிபந்தனைகளை உங்களால் நிறைவேற்ற முடியாது, அவரால் முடியும். ஆனால் அவர் விரும்புகிறாரா? உங்கள் கடிதத்தில் அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று இருக்கிறது. அவருக்கு அங்கே விவசாயம் செய்ய ஆசை இருக்கிறதா, ஐந்து வருடத்தில் ஊர் திரும்ப நினைக்கிறாரா என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

ஆசை இருந்தால் வாங்குவதற்கு முன் குத்தகை. ஒன்றிரண்டு ஹெக்டேரை அவர் பெயரில், எழுத்துப்பூர்வமாக எடுக்கட்டும். குத்தகை நிலத்துக்கும் அவரே விண்ணப்பிக்கலாம் என்று மேலே சொன்னேன். அவருடைய வசிப்பு அனுமதி சம்பள வேலைக்கு மட்டுமா, சொந்தத் தொழிலுக்கும் செல்லுமா என்பதை அங்குள்ள குடியேற்ற வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரைப் பற்றி அவரிடமே கேளுங்கள். ஒடெமிராப் பகுதிக்கு சாண்டா கிளாரா அணைத் தண்ணீர்தான், மழை பொய்த்த வருடங்களில் அதற்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. பாசன உரிமை இல்லாத நிலம் எவ்வளவு மலிவாக வந்தாலும் என்ன செய்வது?

ஓரிரு வருடம் பயிர் செய்து பார்த்த பிறகு அவர் வாங்க நினைத்தால், அங்கே சம்பாதித்த பணத்தில் அவர் பெயரிலேயே வாங்கலாம். வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் நம் செலாவணிச் சட்டச் சிக்கல் அவருக்கு இல்லை. பின்னால் ஊர் திரும்பினாலும் அந்த நிலத்தை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் உதவ விரும்பினால் பத்துப் பதினைந்து லட்சத்தை மகனுக்கு அன்பளிப்பாக, அன்பளிப்பு என்றே எழுதி அனுப்பலாம். மார்ச்சுக்கு முன் பாதி, ஏப்ரலுக்குப் பின் பாதி என்று பிரித்தால் அந்த 20 சதவீதப் பிடித்தமும் பெரும்பாலும் வராது. நிலம் உங்கள் பெயரில் இல்லாததால் வருடாவருடம் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நிரப்பும் வேலையும் உங்களுக்கு இல்லை.

இதற்கிடையில் மகனை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஏஜென்ட் சொல்லும் நிலத்தின் பதிவு எண்ணை வாங்கி, செர்ட்டிடாவ் பெர்மனென்ட் எடுத்து, விடுமுறை நாளில் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பக்கத்து நிலக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினால் பல விஷயம் தெரியும். சான்று வந்ததும் நகலை எனக்கு அனுப்புங்கள். கடெர்னேட்டாவோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். கூடவே, பதினொன்றாவது பத்தியை எடுத்துவிட்டு, நிலம் மகன் கைவசம் இருக்கும், மானியத்துக்கு அவரே விண்ணப்பிப்பார் என்று ஒப்பந்தத்தைத் திருத்தித் தரச் சொல்லி ஏஜென்ட்டிடம் கேளுங்கள். திருத்தித் தராவிட்டால் அவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.